உன் அம்மாவின் விடுதலைப் பத்திரம்

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் பேசும்போது, "மாமா, பெண்களின் நில உரிமைதான் என் ஆய்வு. நீங்கள் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர், உங்களை ஒரு நாள் உட்கார வைத்துப் பேட்டி எடுக்கணும்" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நீ கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்றுக்கு நான் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். நம் வீட்டுக் கதையைப் பொதுவில் எழுதலாமா என்று உன் அத்தை கேட்டாள். லால்குடி பக்கத்தில் பாதி வீடுகளில் நடந்த கதைதான், எழுதலாம் என்று சொன்னேன்.

2007-ல் உன் அம்மா, என் அக்கா, பூர்வீக நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் போட்டுக்கொடுத்தாள். அதை எழுதியவன் நான்தான். எழுதி வாங்கியவனும் நானே என்பதால் பத்திர எழுத்தர் கையெழுத்தை மட்டும் நண்பர் ஒருவரைப் போடச் சொன்னேன்.

வாசகம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ஆயிரம் பத்திரத்தில் எழுதிய வாசகம் ஆயிற்றே. "எனக்குச் செய்ய வேண்டிய சீர் வரிசைகளையும் நகைகளையும் என் தகப்பனார் செய்து முடித்துவிட்டபடியால், அடியில் கண்ட சொத்தில் எனக்குள்ள பாகத்தை, முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டேன். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் பின் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது." அந்தப் பின் வாரிசு நீதான் பாப்பா. அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய்.

சார்பதிவாளர் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "கையெழுத்து உன்னுதுதானாம்மா?" அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எழுதிக்கொடுத்த ஆள் இவர்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பதுதான் பதிவுச் சட்டப்படி அவர் வேலை. விட்டுக்கொடுக்கிற பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்று அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்கும் வேலையைச் சட்டம் யாருக்குமே கொடுக்கவில்லை. அக்கா "ஆமாங்க" என்றாள். கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "முடிஞ்சுதாடா? பசிக்குது" என்றாள். ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள். நம்முடையது 9 மா நஞ்சை, அதாவது 3 ஏக்கர். தாத்தாவுக்கும் முந்திய காலத்திலிருந்து வருகிற பூர்வீகச் சொத்து. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு ஆண்களுக்கு மட்டும். என் அப்பா, அதாவது உன் தாத்தா, பாதி; நான் பாதி. அப்பா காலமானால் அவருடைய நாலரை மாவில்தான் அம்மாவும் நானும் அக்காவும் ஆளுக்கு ஒன்றரை. ஆக எனக்கு 6 மா, அக்காவுக்கு ஒன்றரை.

1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் நிறைவேற்றிய தீர்மானம் சட்டமாவதற்கு 60 வருடம் ஆனது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. உன் அம்மா கல்யாணம் 1986 தை மாதம். மூன்று வருடத்தில் தவறவிட்டாள்.

2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போய்விட்டது. தாத்தா இறந்தது 2006 ஐப்பசியில். அப்படியானால் தாத்தா, நான், அக்கா மூவருக்கும் ஆளுக்கு 3 மா. தாத்தாவின் 3 மா பாட்டி, நான், அக்கா மூவருக்கும் ஆளுக்கொன்று. எனக்கு 4 மா, அக்காவுக்கு 4 மா, பாட்டிக்கு 1 மா.

எனக்கு இது தெரியும் பாப்பா. பத்திர எழுத்தருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? திருத்தம் வந்த வாரமே கடைக்குச் சுற்றறிக்கை மாதிரி ஒரு தாள் வந்தது. மகள்கள் கையெழுத்து இல்லாமல் இனிமேல் பாகப்பிரிவினை, கிரயம் எதுவும் செல்லாது, கவனமாக இருங்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சட்டம் பெண்களுக்குக் கொடுத்த பங்கை, அவர்களிடம் வாங்க வேண்டிய ஒரு கையெழுத்தாக மட்டும் நாங்கள் பார்த்தோம். என் கடையில் விடுதலைப் பத்திரம் கூடியது 2005-க்கு அப்புறம்தான். முன்பெல்லாம் மகள்களைக் கேட்காமலேயே பட்டா மாறிவிடும். பிற்பாடு அவர்களை வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள்.

உன் ஆய்வுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதிலிருந்துதான் வருகிறது. தீர்ப்புகளை நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பங்கு பிறப்பால் வருவது என்று சொன்னது பெரிய காரியம். ஆனால் தீர்ப்பு என்பது வழக்குப் போட்டவள் கதை. வழக்குப் போடாமல் கையெழுத்துப் போட்டவள் கதை பதிவு அலுவலகத்தில் கிடக்கிறது. ஒரு கிராமத்தை எடுத்துக்கொள். அதன் சர்வே எண்களுக்கு 2005-லிருந்து வில்லங்கம் போட்டுப் பார். விடுதலை ஆவணம் என்று வரும் ஒவ்வொன்றிலும் யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிரதிபலனாக என்ன தொகை போட்டிருக்கிறது, அன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்று ஒரு நோட்டில் எழுது. அக்கா தம்பிக்கு எழுதியது எத்தனை, அண்ணன் தங்கைக்கு எழுதியது எத்தனை என்று எண்ணிப் பார். என் முப்பது வருடத்தில் இரண்டாவது வகையை நான் எழுதியது விரல்விட்டு எண்ணக்கூடியது.

நீ அன்று கென்யாவைப் பற்றிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பட்ரீசியா கமேரி-எம்போட்டே என்ற நைரோபி சட்டப் பேராசிரியரைப் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்ததாகச் சொன்னாய். சட்டம் தந்த வாக்குறுதி பெண்ணின் கைக்கு வந்து சேர என்ன வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொன்னாய். அந்த ரோனோ வழக்கையும் சொன்னாய். 192 ஏக்கர் வைத்திருந்தவர் இறந்துபோக, கீழ் நீதிமன்றத்தில் மகன்களுக்கு ஆளுக்கு 30 ஏக்கரும் மகள்களுக்கு ஆளுக்கு 5 ஏக்கரும் ஒதுக்கினார்கள். பெண் கட்டிக்கொடுத்துப் போகிறவள்தானே என்று காரணம். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நம் திருத்தம் வந்த அதே வருடம். அத்தனை தூரத்தில் இருக்கிற ஊரில், வேறு பாஷையில், நம் வீட்டுத் திண்ணையில் பேசிய அதே பேச்சா என்று நான் வாயடைத்துப் போனேன்.

உன் அம்மா ஏன் போட்டாள் என்று நீ என்னிடம் கேட்பாய். நான் மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. "ஒரு கையெழுத்து வேணும்க்கா" என்றேன், அவ்வளவுதான். அவள் பங்கு 4 மா என்று நான் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்பது எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கலுக்கு வரிசை வராது. உன் சடங்குக்குச் சீர் கொண்டுவரத் தாய்மாமன் வரமாட்டான். புருஷன் வீட்டில் ஏதாவது ஆனால் பெட்டியோடு வந்து இறங்க இடம் இருக்காது. நிலமா, தம்பியா என்று அவளை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அதுதான்.

நான் உனக்குச் செய்த தாய்மாமன் சீரை எல்லாம் ஊரே புகழ்ந்தது. உனக்கு நினைவிருக்கும், சடங்குக்கு 21 தட்டு. அந்த வருடம் குறுவை நன்றாக விளைந்தது. 9 மாவும் என் பெயரில். உன் அம்மாவின் 4 மாவில் விளைந்த நெல்லை விற்ற காசில்தான் உனக்குப் பாவாடை தாவணி எடுத்தேன் என்பதை இப்போதுதான் என்னால் எழுத முடிகிறது.

உன் அப்பா படுத்த படுக்கையான வருடம் அக்கா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுப் போனாள். நிலம் இருப்பதைக் காட்டும் சிட்டா, அடங்கல் இருக்கிறதா என்றார்கள். இல்லை. நகையை அடகு வைத்தாள், அதுவும் முழுகிப்போனது. பாகத்துக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டதாக நான் பத்திரத்தில் எழுதிய அதே நகை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் பெயரில் இருக்கும் சாகுபடி உடைமைகள் நூற்றுக்கு 14 கூட இல்லை. நாற்று நடுவதும் களை பறிப்பதும் அவர்கள். கடன், நஷ்ட ஈடு, கிசான் பணம் என்று எது வந்தாலும் பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விவசாயி.

இன்னொன்றையும் விட்டுவிடாதே. பினா அகர்வால், பிரதீப் பாண்டா என்று இரண்டு பேர் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு. 2005-ல் வெளியானது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் புருஷனிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் இருந்தவர்களில் 7 பேர். நீ அனுப்பியதுதான் இது. அந்த இரண்டு எண்களையும் பார்த்தபிறகு, நான் எழுதிய பத்திரங்களில் கைநாட்டு வைத்த ஒவ்வொருத்தி முகமும் ஞாபகத்துக்கு வந்து நின்றது.

நம் வயலில் நடவுக்கு வருகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்கக்கூட ஒரு குழி நிலம் கிடையாது. அவர்களையும் உன் ஆய்வில் சேர். கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலம் வாங்கித் தலித் குடும்பங்களுக்குக் கொடுத்தபோது பெண்கள் பெயரில் பதிவு செய்தார். அந்தக் குடும்பங்களில் இன்று அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, மகளுக்குப் போனதா என்று போய்க் கேள். அதைப் படிக்க எனக்கு ஆசை.

கடைசியாக நம் விஷயம். அக்காவின் 4 மாவை அவள் பெயருக்கே எழுதிவைக்க ஒரு பத்திரம் தயார் செய்திருக்கிறேன். தேதி போடவில்லை. பூர்வீகச் சொத்து என்பதால் என் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள் எப்போது வர வேண்டும் என்று கேட்டாள். அவளிடம் அவள் பங்கு எவ்வளவு, இதில் எவ்வளவு குறையும் என்று தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் சம்மதம் வாங்கினேன். மகனுக்கு இன்னும் மனசு வரவில்லை. பதினெட்டு வருடம் கழித்து எதற்கு இது என்கிறான். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். நீ இதை அவளுக்கு வாசித்துக் காட்டு, நடுவில் நிறுத்தாமல். உட்பிரிவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார். வாய்க்காலை ஒட்டிய 4 மாவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் மதியச் சோறு கொண்டுவந்தால் அவள் உட்காரும் வரப்பு அந்தப் பக்கம்தான்.

உன் மாமா