யாபேஸ் என்ற பெயரின் பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆண் பிள்ளைகளுக்கு யாபேஸ் என்ற பெயரை அரிதாகத்தான் வைக்கின்றன. அப்படி வைக்கிறபோதும் ‘ஜெபிப்பவன்’ என்றோ ‘வறண்டவன்’ என்றோ பொருள் சொல்லப்படுகிறது. இரண்டுமே பிழை.

வேதாகமத்தில் 1 நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில் 9ஆம், 10ஆம் வசனங்கள் மட்டுமே இந்த மனிதனைப் பற்றிப் பேசுகின்றன. யூதாவின் வம்ச அட்டவணைக்கு நடுவே, தகப்பன் யாரென்று கூடச் சொல்லாமல் வருகிறான். நோவோடு பெற்றேன் என்று தாய்தான் பெயரிடுகிறாள். எபிரேயத்தில் அந்த நோவுக்குச் சொல் ‘ஓத்செப்’: ஆயின், த்சாதே, பேத் என்ற மூன்று எழுத்துகள். பெயரில் முன்னே ஒரு யோத் சேர்ந்து, கடைசி இரண்டும் இடம் மாறிவிடுகின்றன: யோத், ஆயின், பேத், த்சாதே. சொல்லின் முடிவில் வருகிற த்சாதே வாலைக் கீழே நீட்டி வேறு வடிவமும் எடுக்கும். அதனால் எபிரேய எழுத்து தெரிந்தவருக்கே முதல் பார்வையில் தொடர்பு பிடிபடாது; காதில்தான் அந்த நோவு கேட்கும். (சங்கீதம் 119இன் 22 பகுதிகளுக்கும் எபிரேய எழுத்துகளே தலைப்பு. அங்கே பார்த்துக்கொள்ளலாம்.)

ஜெபம் வடமொழியின் ‘ஜப’த்திலிருந்து வந்த சொல். வேதாகம எபிரேயத்தில் ஜகர ஓசையே இல்லை. யோத் நின்ற இடத்தில் ஆங்கிலம் ஜே போட்டது, நாம் அதைப் பார்த்து ‘ஜெபேஸ்’ என்று எழுதிவிட்டோம். அவன் ஜெபம் பண்ணினான் என்பது உண்மை. அந்த ஜெபத்தின் கடைசி வேண்டுதலும் தீங்கு தன்னை நோகப்பண்ணக்கூடாது என்பதே. தாய் இட்ட பெயரின் வேரை எடுத்தே, அது தன்மேல் பலிக்காதிருக்கக் கேட்கிறான். கேட்டதைத் தேவன் அருளினார் என்று வசனம் முடிகிறது.

‘வறண்டவன்’ வந்த வழி வேறு. வேதாகமத்தில் கீலேயாத் என்ற நாட்டில் யாபேஸ் என்று ஓர் ஊர் உண்டு. இஸ்ரவேலின் சல்லூம் ராஜாவின் தகப்பன் பெயரும் அதுவே. அது யோத், பேத், ஷீன். காய்ந்தது என்று பொருள். ஆயின் எழுத்தும் இல்லை, த்சாதேயும் இல்லை. நம் தமிழ் வேதாகமம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வந்த குழப்பம் இது.

நோவு என்ற பொருள் பிள்ளைக்கு ஆகாதென்று சிலர் பயந்து, இனிப்பான அர்த்தம் தேடுகிறார்கள். 2009இல் இந்த மண்ணில் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அந்த வசனத்தை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய சொல் அது. தயவுசெய்து அதை மாற்றிச் சொல்லாதீர்கள்.

பதிவிலும் கவனம் வேண்டும். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்கு முதலே தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் வீட்டில் முடிவு செய்யுங்கள். தமிழில் ‘யாபேஸ்’. ஆங்கிலத்தில் ஜே, ஏ, பி, ஈ, இசட். கடைசியில் இசட்டுக்குப் பதில் எஸ், எச் போட்டால் அது கீலேயாத்து ஊரின் பெயர். பிறப்புப் பதிவில் ஒன்று, ஞானஸ்நானப் பத்திரத்தில் இன்னொன்று என்று விட்டால், பிறகு அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அலைய வேண்டிவரும். பதிவாளர் எழுதி முடித்ததும் கையொப்பம் வைக்கமுன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கிளிநொச்சி.