சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு

அன்புள்ள மகனுக்கு,

அடுத்த மாதம் உன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்புகிறார்கள் என்று நீ போனில் சொன்னபோது, அம்மா பக்கத்தில் இருந்ததால் சரி என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாகப் போய், வியட்நாம் பக்கம் பிரான்ஸ் நடத்திய இந்தோசீனப் போரில் செத்தவர். எந்த இடத்தில் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி, என் ஆயா, ‘சைகோன்’ என்பாள். அந்தக் காலத்துப் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு அந்தத் தேசம் முழுக்கவே சைகோன்தான். உடம்பு வரவில்லை. அவருடைய சட்டை ஒன்றை வைத்துக் கருமாதி செய்தார்கள். அப்புறம் பென்ஷன் வந்தது. பென்ஷன் நாளில் ஆயா தலைக்குக் குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள். திரும்பி வந்ததும் பணத்தைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரோடும் பேசமாட்டாள். அதற்குப் பிறகுதான் மளிகைக்கடைப் பாக்கி, என் பள்ளிக்கூடச் செலவு எல்லாம். நம் முத்தியால்பேட்டை வீடே அந்தப் பணத்தில் எழும்பியது. அவர் செத்தது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இதையும் யோசி. 1954 மே 7-ஆம் தேதி வியட்நாமில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்த தியன் பியன் பூ வியட்நாமியர் கைக்குப் போனது. அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதி பாண்டிச்சேரியிலேயே பிரெஞ்சு ஆட்சி முடிந்துவிட்டது. எந்தக் கொடிக்காகத் தாத்தா போனாரோ, அது அவருடைய சொந்த ஊரிலேயே நிற்கவில்லை. எதிரே நின்றவன் தன் மண்ணுக்காகச் சுட்டான். அவன் வீட்டிலும் ஒருத்தி அழுதிருப்பாள்; அவளுக்கு யார் பென்ஷன் கொடுத்தார்கள்?

1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயா என் அப்பாவுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். அதனால்தான் இன்று உன் மேல் அந்த யூனிஃபார்ம்.

கடற்கரைச் சாலையில், 1914–18 போரில் செத்த நம் ஊர்க்காரர்களுக்காக 1938-ல் திறந்த நினைவுச் சின்னத்துக்கு பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 வந்தால் விளக்குப் போடுகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். நல்ல மரியாதைதான். பெற்றவன் எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருக்கிறாய், வேலையை ஒழுங்காகச் செய். கூட இருப்பவனை விட்டுவிட்டு ஓடி வா என்று சொல்லமாட்டேன். ஆனால் சாவதே கடமை என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஆயுதம் இல்லாதவன் மேல் துப்பாக்கியை நீட்டச் சொன்னால், முடியாது என்று சொல். வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது.

எந்த ஊரில் இருக்கிறாய் என்று, சொல்ல விடுகிற அளவுக்காவது எழுது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் அம்மா நம்பரைக் கொடுக்காதே, என் நம்பரைக் கொடு. லீவு தேதி தெரிந்ததும் சொல்லு, டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடலாம்.

உன் அப்பா