கை நீட்டாத வன்முறை

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வன்முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரை. ஆனால் கூடவே வந்த படம் உறுத்தியது. கண் வீங்கி, உதடு கிழிந்த ஒரு பெண். இதையே பார்த்துப் பழகியதால்தான் உடம்பில் காயமில்லாத பெண்ணிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. நான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண் ஹானா கிளார்க்கைப் பற்றி எழுதத் தோன்றியது.

2020 பிப்ரவரி 19, காலை நேரம். ஹானாவுக்கு 31 வயது. கணவனைப் பிரிந்து கேம்ப் ஹில்லில் பெற்றோர் வீட்டில் இருந்தார். மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்துப் போகக் காரில் ஏறியபோது, அவன் உள்ளே புகுந்து பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். ஆறு, நான்கு, மூன்று வயதுக் குழந்தைகள் காரிலேயே இறந்துபோனார்கள். ஹானா மட்டும் வெளியே வந்தார். உடலெல்லாம் வெந்த நிலையிலும், இதைச் செய்தது யார் என்று ஓடி வந்தவர்களிடம் தெளிவாகச் சொன்னார். அன்று மாலை அவரும் இறந்தார்.

மறுநாளே ஒரு காவல் அதிகாரி, கணவன் இந்த நிலைக்குத் தள்ளப்பட்டானா என்ற கோணத்தையும் பார்ப்போம் என்பதுபோல் பேசினார். ஊரே கொதித்தது. அவரை அந்த வழக்கிலிருந்து விலக்கினார்கள்.

அந்த மணவாழ்க்கையின் பெரும்பகுதியில் அடி உதை இல்லை. எதை உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதை அவன் முடிவு செய்தான். அவருடைய போனைக் கண்காணித்தான். சொந்தபந்தங்களிடமிருந்து பிரித்தான். அடிக்காததால் இது வன்முறை என்று ஹானாவுக்கே வெகுகாலம் தெரியவில்லை என்கிறார்கள் குடும்பத்தார்.

"குடிக்கிறதில்ல, கை நீட்டுறதில்ல, உனக்கு என்னடி குறை?" என் தோழியிடம் நானே இப்படிக் கேட்டிருக்கிறேன். அவள் கணவன் வேலை நேரத்தில் மணிக்கொரு தரம் வீடியோ காலில் கூப்பிட்டு, வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வான். அக்கறை என்று நினைத்தேன். ஹானாவின் கதையைப் படித்த அன்று ராத்திரி அவளுக்குப் போன் செய்து அழுதேன்.

ஹானாவின் பெற்றோர் சூவும் லாய்டும் 'ஸ்மால் ஸ்டெப்ஸ் ஃபார் ஹானா' என்ற அறக்கட்டளையைத் தொடங்கி விடாமல் போராடினார்கள். 2024 மார்ச்சில் எங்கள் மாநிலமான குயின்ஸ்லாந்தின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 2025 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணையை இப்படிக் கட்டுப்படுத்தி ஒடுக்குவதே இங்கு இப்போது குற்றம். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிகிற நடத்தைகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது இந்தச் சட்டம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். பெண்கள் நம்மிடம் சொல்ல வரும்போது, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று நாம் தள்ளிவிடுவது அவற்றைத்தானே! இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் இழைக்கும் கொடுமைகளைக் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. எத்தனை வீடுகளில் அது தெரியும்?

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை வரும்போது வீங்கிய முகம் வேண்டாம். ஹானா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சிரிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அனுமதி பெற்று அதில் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிஸ்பேன்