உரை மருந்துப் பொடியை மாதிரி எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
சந்தைப்பேட்டை தெற்குத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மருந்து ஆய்வாளர் (இந்திய மருத்துவம்) அவர்கள்.

பார்வை: கார்த்திகையில் நேரில் அளித்த மனு, தை மாதம் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, பங்குனியில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அளித்த மனு.

ஐயா,

வணக்கம். பழைய பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள நாட்டு மருந்துக் கடைச் சந்து தாங்கள் அறியாத இடமன்று. ஐப்பசி மழையில் அங்கே கணுக்காலளவு சாக்கடை நீர் தேங்குவதையும், சந்தின் கோடியிலுள்ள அரவைக் கூடத்தில் திப்பிலியும் அதிமதுரமும் கோணிச் சாக்குகளில் வெறுந்தரையில் கிடப்பதையும் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அக்கூடத்தில் அரைத்துப் பொட்டலமிடப்படும், கைக்குழந்தைகளுக்குப் புகட்டும் உரை மருந்துப் பொடியைப் பற்றியதே இம்மனு.

1. பிறந்து 70 நாளான என் பேத்திக்கு, தயாரிப்பு உரிம எண் அச்சிட்டிருப்பதை நம்பி அப்பொடியை வாங்கி, மூன்று நாள் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் புகட்டினோம். நான்காம் நாள் கடும் வயிற்றுப்போக்கு. கண்கள் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழக்கூடத் திராணியின்றிக் கிடந்த குழந்தை ஐந்து நாள் அரசு மருத்துவமனையில் இருந்தாள். சின்னஞ்சிறு கையில் நரம்பு கிடைக்காமல் செவிலியர் நான்கு இடங்களில் குத்திய காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தரக்கூடாது என்று மருத்துவர் கண்டித்தார், அத்தவறு எங்களுடையதே. ஆனால் கிருமி பொடியிலிருந்து வந்ததா என்று கேட்டதற்கு, பொடியைச் சோதித்தால்தான் தெரியும் என்றார்.

2. என் தாயார் காலத்தில் மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றை வேகவைத்து வெயிலில் உலர்த்தி, வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, அதன் பிறகே கல்லில் உரைப்பார்கள். நிலவேம்புக் குடிநீரையாவது கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். கடைப் பொடியோ சூடே படாமல் பச்சிளம் நாவில் படுகிறது. கொதிக்க வைத்தாலும் சாகாத வித்துகளையுடைய பாக்டீரியாக்களும், வேகவைத்தாலும் அழியாமல் ஈரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் ஈரப்பட்ட மூலிகையில் உண்டாகக்கூடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

3. இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூல், மூலிகைப் பொடியில் கிராமுக்கு மொத்தப் பாக்டீரியா 1,00,000-க்கும் பூஞ்சை 1,000-க்கும் மிகக்கூடாது என்றும், ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் அறவே இருக்கக்கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது. சித்த மருந்து தயாரிக்கும் இடத்தின் தூய்மை பற்றி மருந்து விதிகளின் அட்டவணை ‘டி’ (T) கூறுகிறது. அசுத்தமான சூழலில் தயாரித்த, சேமித்த மருந்தைக் கலப்பட மருந்தாகவே 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 33 இ.இ. (33-EE) பிரிவு கருதுகிறது. சித்த மருந்து விற்க உரிமமே தேவையில்லை என்ற நிலையில், தாங்கள் எடுக்கும் மாதிரி ஒன்றுதான் எங்களுக்குள்ள காவல்.

4. பேத்திக்குத் தந்த பொடியின் அதே தொகுதி (பேட்ச்) எண்ணுள்ள, பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வீட்டிலிருந்து கொண்டுவருவது சட்டப்படி மாதிரியாகாது, ஆய்வாளரே கடையில் எடுக்க வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். சரி ஐயா, எடுங்கள் என்றுதானே மூன்று மனுக்களிலும் மன்றாடினேன்! கார்த்திகையில் அக்கடை அட்டையில் இத்தொகுதிப் பொட்டலங்கள் 31 தொங்கின. தை மாதம் 19. பங்குனியில் 11. நேற்று மாலை எண்ணினேன், 4. மற்றவை எந்தெந்த வீட்டுத் தொட்டிலுக்குப் போயின? கடைக்காரரிடம் விற்க வேண்டாம் என்று நான் சொன்னால், “அதிகாரி சொல்லட்டும்” என்கிறார். தங்கள் அலுவலகத்திலிருந்து அக்கடைக்கு நடந்தே பத்து நிமிடத்தில் போகலாம். ஐந்து மாதத்தில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா? பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது; பதில் மட்டும் இல்லை. நாற்பதாண்டு கடிதம் சுமந்தவன் நான், பதில் வராத வீட்டின் வேதனையை அறிவேன்.

5. அந்தப் பொட்டலங்களின் காலாவதி நாள் வரும் வைகாசி இறுதி. அதற்குப் பின் எடுக்கும் மாதிரியால் யாருக்கும் பயனில்லை.

6. நான் இழப்பீடு கேட்கவில்லை. கடையை மூடச் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தைக் குறை கூறவும் வரவில்லை. என் மூட்டுவலிக்கு இன்றும் அதுவே மருந்து. பொடி தூய்மையானது என்று சோதனையில் தெரிந்தால் அக்கடைக்காரரிடம் நானே போய் வருத்தம் தெரிவிப்பேன்.

ஆகவே ஐயா, எஞ்சியுள்ள நான்கு பொட்டலங்களும் விற்றுப்போகுமுன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புமாறும், முடிவு வரும்வரை இத்தொகுதி விற்பனையை நிறுத்திவைக்குமாறும், அரவைக் கூடத்தை மழைக்காலத்துக்கு முன் நேரில் ஆய்வு செய்யுமாறும் மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். மாதிரியையாவது இந்த வாரமே எடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தைப்பேட்டை மனுதாரர்