மிருதங்கத்தை இடியாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் குறைவில்லை. மிருதங்கம்தான் காதில் விழுவதில்லை. விழுவதெல்லாம் 'டும் டும்' என்ற இடி. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பழைய ஒலிப்பதிவுகளையே கேட்டு வளர்ந்த ரசிகர்களுக்கு இது பெரிய வேதனை.

1912இல் பிறந்து 1981இல் மறைந்த அவர், சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1966இல் பெற்றார். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. மைக் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அது வெறும் வீம்பு இல்லை. சாகித்யம், அதாவது பாட்டின் வரி, நிற்கும் இடத்தில் கையை நிறுத்துவார். உள்ளங்கையின் அடியால் தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தை, அழுத்தி எழுப்பும் கும்கியைப் பாட்டுக்கு அடியில் இழைய விடுவார். வலப்பக்கமான வலந்தலையில் ஒரு மீட்டுச் சொல் (நீண்டு ஒலிக்கும் அடி) விழுந்தால் அதன் கார்வை தானாக அடங்கும்வரை காத்திருப்பார். இத்தனை நுணுக்கமும் 'பாஸ்' (கனத்த ஒலி) ஏற்றிய ஒலிபெருக்கியில் கரைந்து போகிறது.

மைக்கே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நூறு பேர் அமரும் சிறு மண்டபத்துக்கு அது தேவையில்லை, அவ்வளவே. பெரிய அரங்கமானால் மைக்கைத் தொப்பியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டினால் கனத்த ஒலி மட்டும் பெருகி, வலந்தலையின் 'நம்', 'தீம்' இரண்டும் அமுங்கிவிடும். ஒரு முழம் தள்ளி வைத்து, பாஸைக் குறைத்து, எதிரொலியை முழுக்க நிறுத்துங்கள். எதிரொலி இருந்தால் துரித காலச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

அடுத்தது ஏர்கான். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் குடித்த தோல், குளிர்ந்த அரங்கில் உலர்ந்து இறுகும், சுருதி ஏறிவிடும். அதனால் வாத்தியத்தைக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே மேடையில் வைத்துவிட வேண்டும். பிறகு தம்புராவோடு சேர்த்து, கல்லும் புல்லும் (சிறு மரத்துண்டு) கொண்டு விளிம்பில் உள்ள தோல் பின்னலைச் சுற்றித் தட்டிச் சேர்க்கலாம்: மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் ஏறி, நாதம் பிசிறடிக்கும். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரலுக்கு, ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதி மிருதங்கத்தை இழுத்துப் பிடித்துச் சேர்க்க முயல்வது வீண் வேலை. இழுத்துக் கட்டிய வாரும் தோல் மூட்டும்தான் பாழாகும். உயர்ந்த சுருதிக்கென்றே நீளம் குறைந்த மிருதங்கம் இருக்கிறது.

தொப்பிக்குத் தடவும் ரவையும் ஏர்கானில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் ஒலி மெலிந்து, ஓரம் பெயர்ந்து விழும். பாட்டுகளுக்கு நடுவே விரலால் தண்ணீர் தொட்டு வைத்தால் போதும். அளவுக்கு மீறி அப்பினால் தொப்பி ஊமையாகிவிடும். கச்சேரி முடிந்ததும் ஈரம் இருக்கும்போதே வழித்தெடுத்துவிட வேண்டும்; காய்ந்த பிறகு சுரண்டினால் தோல் கிழியும். இளம் மாணவர்கள் பலர் இதை மறந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு 15 நிமிடமாவது ஒதுக்குங்கள். தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடிக்க அப்போதுதான் எழுந்து போக வேண்டும் என்று சபையில் ஏதோ எழுதாத சட்டம் இருக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் மீகூன் (அரிசி நூடுல்ஸ்) தயார் என்ற அறிவிப்பையாவது, தனியை முடித்துவைக்கும் மோராவும் கோர்வையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மிருதங்க ரசிகர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்