காகிதத்தைப் பாஸ் செய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வெளிநாட்டு கிளப் ஒன்றின் அணிப் பட்டியலில் ஒரு மிட்ஃபீல்டரின் பெயர் ஏறுவதற்குள் எத்தனையோ பேர் கைவைத்திருப்பார்கள். கோல் போட்டவருக்குக் கைதட்டல் கிடைக்கும், கோலைத் தடுத்தவருக்கும் கிடைக்கும். நடுவில் ஆடுகிறவருக்குப் பாதிதான். அவருக்காக மேசையிலும் சிகிச்சை அறையிலும் புல்தரையிலும் மெனக்கெட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தக் கடனை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல். வரிசை எங்கள் இஷ்டம். ஏஜென்ட்டுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் கடைசிக்குப் பக்கத்தில்தான் வருகிறீர்கள்.

முதல் நன்றி கிளப்பிலும் கால்பந்துச் சங்கத்திலும் பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு வீரர் மாறினால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். ஐ.டி.சி. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆண்கள் தொழில்முறை ஆட்டத்தில் 2010 அக்டோபர் முதலும், மகளிர் ஆட்டத்தில் 2018 முதலும், இந்தச் சான்றிதழ் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிபாவின் டி.எம்.எஸ். என்ற இணைய அமைப்பு வழியாகத்தான் போகிறது. விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் தனித்தனியாகத் தகவலைப் பதிய வேண்டும். தொகையோ தவணைத் தேதியோ இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். எங்கே பிசகும் என்பது உங்களுக்கு அத்துப்படி. பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, ஒப்பந்தத்தில் வேறொன்று. ஒருவர் நாளை முதலில் எழுதுவார், மற்றவர் மாதத்தை முதலில் எழுதுவார். 04/07 என்பது ஏப்ரலா ஜூலையா? முந்தைய ஒப்பந்தம் முடிந்ததற்கான தாள் இருக்காது. ஸ்கேனில் கையெழுத்திட்ட கடைசிப் பக்கம் மட்டும் விடுபட்டிருக்கும். இதையெல்லாம் பதிவுச் சாளரம் (வீரர்களைப் பதிய ஒதுக்கிய காலம்) மூடுவதற்கு இரண்டு நாள் முன்பே எடுத்து வைத்துச் சரிபார்ப்பவர் ஒரு நல்ல கோல்கீப்பருக்குச் சமம்.

மிகையாகத் தோன்றினால் அத்ரியன் சில்வாவை நினைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகல் மிட்ஃபீல்டர். 2017 ஆகஸ்ட் 31 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்குப் போக எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஆவணங்கள் 14 விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஃபிபா ஒத்துக்கொள்ளவில்லை. 2018 ஜனவரி வரை புது கிளப்புக்காக ஒரு ஆட்டத்திலும் அவர் இறங்க முடியவில்லை. காலில் காயமில்லை, ஆட்டத்தில் குறையில்லை. அரைப் பருவம் போயிற்று.

இந்தச் சான்றிதழின் கதையே மிட்ஃபீல்டர்கள் எழுதியதுதான். பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மனுக்கு ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப்போடு இருந்த ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் அன்று மாற்றுத் தொகை கேட்கலாம். அந்தப் பணம் வருமா என்று லியேஜ் தயங்கியதில் சான்றிதழ் போகவில்லை, மாற்றமும் நடக்கவில்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வீரர் ஒன்றியத்துக்குள் வேறு நாட்டு கிளப்புக்கு மாறத் தொகை கேட்கக் கூடாது. தீர்ப்பு வருவதற்குள் அவருடைய ஆட்ட வயது கரைந்துவிட்டது. அடுத்தவர் பிரான்சின் லசானா தியாரா. 2014-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோவோடு பிணக்கு, ஒப்பந்தம் முறிந்தது. 2015-ல் பெல்ஜியத்தின் ஷார்லெருவா அவரை எடுக்க முன்வந்தது. ஆனால் அவர் கட்ட வேண்டிய இழப்பீட்டுக்குப் புது கிளப்பும் பொறுப்பு, ஒப்பந்தத் தகராறு இருந்தால் பழைய சங்கம் சான்றிதழை மறுக்கலாம் என்ற விதிகள் குறுக்கே நின்றன. 2024 அக்டோபர் 4 அன்று அதே நீதிமன்றம் அந்த விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. இன்று ஒரு வீரர் சிக்கலில்லாமல் கிளப் மாறினால் இவ்விருவருக்கும் ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துத் தந்த வழக்குரைஞர்களுக்கும் வீரர் சங்கத்துக்காரர்களுக்கும். சம்பளம் வரி போகவா, வரியோடு சேர்த்தா என்று ஒரு சொல்லில் எழுதவைத்தீர்கள். எந்த நாணயம், மாதத்தின் எந்தத் தேதிக்குள் என்று கேட்டீர்கள். 'ஆட்டத்துக்கு போனஸ்' என்ற வரியைப் பார்த்ததும், முதல் பதினொருவரில் இருந்தால் மட்டுமா, மாற்று வீரராக இறங்கினாலுமா என்று பிடித்துக்கொண்டீர்கள். சுழற்சியில் ஆடும் மிட்ஃபீல்டருக்கு அந்த ஒரு வரியில் பருவப் போனஸ் பாதியாகிவிடும். இரண்டு மொழியில் ஒப்பந்தம் இருந்தால் முரண் வரும்போது எந்த மொழி செல்லும் என்று எழுதவைத்தீர்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும், வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும் என்றெல்லாம் ஃபிபா விதிப்படி நிபந்தனை போட முடியாது. பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் கிளப் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு 'முழங்கால் சரியில்லை' என்று சொன்னவர்களிடம் இந்த விதியை எடுத்துக் காட்டியவர்களை மறக்க முடியாது.

சம்பளம் வராத மாதங்களில் வீரர்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னதற்கும் நன்றி. கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒப்பந்தத்தை முறித்தவர் வீரர்தான் என்றாகிவிடும். இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் போக வேண்டும். பிறகு எழுத்தில் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால்தான் நியாயமான காரணத்தோடு முறித்ததாக ஆகும். வாட்ஸாப்பில் கேட்டது போதாது என்று சொல்லி, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கே கடிதம் அனுப்பவைத்தீர்கள். ஃபிபாவில் முறையிட இரண்டு ஆண்டுதான் கெடு என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்தவரும் நீங்கள்தான்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு வருகிறோம். கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது.

ஸ்டிரைக்கர் கோலைப் பார்த்து ஓடுகிறார். டிஃபெண்டருக்கு ஆட்டம் முழுக்கக் கண்முன்னே விரிந்திருக்கும். நடுவில் நிற்கிறவர்தான் தன் கோல் பக்கம் முகம் வைத்து, எதிராளிக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்க வேண்டியவர். பின்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் பேக் பந்தைத் தட்டுகிறார். அது 15 மீட்டர் உருண்டு காலுக்கு வர ஒரு விநாடி சொச்சம். அதற்குள் இரண்டு முறையாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகு நிலைமை மாறியிருந்தால் சென்டர் பேக்கின் குரல் மட்டுமே துணை. அந்தக் குரல் எந்த மொழியில் வரும்? ஆங்கிலத்தில் 'மேன் ஆன்'. ஜெர்மனியில் 'ஹின்டர்மன்', பின்னால் ஆள் என்று பொருள். இத்தாலியில் 'உவோமோ', ஆள் என்பதோடு சரி. பிரேசிலில் 'லத்ராவ்' என்று கத்துவார்கள். திருடன்! திருடன் என்ற சத்தம் கேட்டதும் பந்தை ஒரே தொடுதலில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது கால்களுக்குத் தெரிய வேண்டும், மூளையில் மொழிபெயர்க்க நேரமில்லை. ஸ்பானிய மொழியில் 'சோலோ' என்றால் நீ தனியாக இருக்கிறாய், திரும்பிக்கொள் என்று அர்த்தம். புரியாதவர் பயந்துபோய்ப் பந்தைப் பின்னுக்கே தட்டுவார். நாலு தடவை இப்படி நடந்தால் 'முன்னோக்கி ஆடத் துணிச்சல் இல்லாதவர்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். குறை ஆட்டத்தில் இல்லை, ஒரு சொல்லில் இருக்கிறது.

முதல் வாரத்தில் இலக்கணப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இப்படி இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். அதோடு விடாமல், வட்டமாக நின்று பந்தைப் பரிமாறும் ரோண்டோ பயிற்சிக்கு வெளியே நின்று அவற்றைக் கத்தவும் செய்தீர்கள். பாடம் அங்கேதான் ஏறியது. மருத்துவ அறையிலும் உங்கள் காது கூர்மை. பின்தொடையில் 'இறுக்கமாக இருக்கிறது' என்பதை 'வலிக்கிறது' என்று பெயர்த்தால் தேவையில்லாத ஸ்கேன், பத்து நாள் ஓய்வு. ஓடும்போது 'சுருக்கென்று குத்தியது' என்பதை 'இறுக்கம்' என்று பெயர்த்தால் அடுத்த ஓட்டத்தில் தசை கிழியும். எப்போது, எந்த அசைவில், எந்த இடத்தில் என்று வீரரிடம் மறுபடி கேட்டுவிட்டு மருத்துவரிடம் திரும்பினீர்களே, அதற்கு.

மைதானப் பணியாளர்களுக்கு: ஐரோப்பியப் போட்டிகளில் புல் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நீர் தெளித்தால் பந்து வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்து, புல்லும் நீண்டிருந்தால் இழுபடும். ஒரு லீக்கில் பழகிய கால் இன்னொரு லீக்கில் முதல் தொடுதலிலேயே தடுமாறுவதற்கு இது பெரிய காரணம். ஆட்டத்துக்கு முந்திய நாள் நீரின் அளவைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அதுவே பாதிப் பயிற்சி. உடைப் பொறுப்பாளர்களுக்கு: செயற்கைப் புல்லில் கெட்டித்தரைக்கான ஸ்டட்டோடு (பூட்டின் அடிக்குமிழ்) இறங்கப்போனவரை நிறுத்தி, குட்டையான, எண்ணிக்கை கூடிய ஸ்டட் உள்ள பூட்டைக் கையில் கொடுத்தீர்கள். நடுக்கள வீரர் ஆட்டம் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருப்பவர். பாதம் தரையில் சிக்கி உடம்பு மட்டும் திரும்பினால் வாங்கிக்கொள்வது முழங்கால்.

பிசியோக்களுக்கும் உடற்தகுதிப் பயிற்சியாளர்களுக்கும்: ஓர் ஆட்டத்தில் 11, 12 கிலோமீட்டர் ஓடும் கால்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். ஃபிபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப் மொத்தம் 20 நிமிடம்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, தாவல், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். அவசரத்தில் எல்லாரும் வெட்டுவது நடுவில் உள்ள பத்து நிமிடத்தைத்தான். பின்தொடையைக் காக்கும் நோர்டிக் பயிற்சி இருப்பதும் அதில்தான். வெட்ட விடாமல் பிடிவாதம் பிடித்ததற்கு நன்றி. தேசிய அணி அழைப்பு வரும்போது கிளப்பின் ஓட்டக் கணக்கை அந்த அணியின் பயிற்சியாளருக்கு அனுப்பி வைத்தவர்களுக்கும். தேசிய அணி ஆட்டங்களுக்கு ஒதுக்கிய வழக்கமான சாளரத்தில் திங்கள் முதல் அடுத்த செவ்வாய்க்குள் இரண்டு ஆட்டம், நடுவே இரண்டு நீண்ட விமானப் பயணம், அந்தக் கணக்கு தெரியாமல் மூன்றாம் நாளே முழுப் பயிற்சி கொடுத்தால் கால் தாங்காது.

அணி மருத்துவர்களே, 'இதே பெயர் மாத்திரையைத்தான் ஊரில் சாப்பிடுவேன்' என்று வாங்கி வந்ததை நீங்கள் பிடுங்கி வைத்தது அப்போது எரிச்சலாக இருந்திருக்கும். ஒரே வணிகப் பெயர், நாட்டுக்கு நாடு வேறு சரக்கு. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎபெட்ரின் போட்டி நாளில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். வலி மாத்திரையான ட்ரமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் தடை.

சிறுவயதில் ஆடவைத்த கிளப்புகளுக்கு நன்றியோடு கொஞ்சம் கணக்கும். ஒப்பந்தக் காலத்துக்குள் வீரர் விலைக்கு மாறினால், தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். பத்து லட்சம் யூரோ மாற்றத்தில், 14, 15, 16 வயதில் வைத்திருந்த கிளப்புக்கு 2,500, 2,500, 5,000 என்று மொத்தம் 10,000 யூரோ. பணம் வராமல் போவது பெரும்பாலும் சங்கப் பதிவேட்டில் அந்த ஆண்டுகள் விடுபட்டிருப்பதால்தான். பழைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், ஆதாரத்தோடு திருத்தக் கேளுங்கள். நன்றி சொல்லி முடித்துக்கொள்வதை விட அது உங்களுக்கு உதவும்.

ஏஜென்ட்டுகளில் ஒரு சிலருக்கு மட்டும்: பெரிய கிளப்பின் அழைப்பை வைத்துக்கொண்டே, 'அங்கே தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் 6-ம் எண் இடத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், உன்னை இன்னும் முன்னேறி ஆடும் 8-ல் ஆட வைக்க மாட்டார்கள், நிமிடம் கிடைக்காது' என்று சொன்னவர்களுக்கு. ஒரு பருவத்தில் மூன்று கிளப்பில் பதியலாம், ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டம் பொதுவாக இரண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும் என்பதை மூன்றாவது கிளப் கூப்பிட்டபோது ஞாபகப்படுத்தியவர்களுக்கும். மற்றவர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டீர்கள், கணக்கு நேர்.

கடைசியாக மறுபடியும் பதிவு மேசைக்கு. வீரர் ஊர் திரும்பி, சம்பளமில்லாமல் பழைய கிளப்பில் ஆட ஆசைப்பட்டாலும் சான்றிதழ் திரும்பி வர வேண்டும். தொழில்முறை வீரராக ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் கழியாமல் அமெச்சூராகப் பதிய முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எல்லாரும் அவசரப்படும்போது, விரல் விட்டு எண்ணி, 'இன்னும் நாலு நாள் இருக்கிறது' என்று சொன்னவரே, உங்களுக்கு.

அன்புடன்,
நடுக்கள வீரர்களின் ஒப்பந்தம், பயிற்சி, பயணம் ஆகியவற்றோடு அன்றாடம் புழங்குகிறவர்கள்