சங்க அறையின் வாடகைக்கும் நிதி கொடுங்கள்

சென்னை நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) குழுவினருக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கண்ணகி நகரில் வீட்டுவேலை செய்யும் பெண்களோடும் தூய்மைப் பணியாளர்களோடும் சங்க வேலை பார்க்கிறவள் நான். ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் உங்கள் கண்ணாடிக் கட்டடங்கள் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். அவ்வளவு பக்கம்.

உங்கள் பணம் எங்கள் பகுதிக்கு வராமல் இல்லை. குடிநீர் மெஷின் வந்தது, தையல் மெஷின் வந்தது, வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் வருகிறது. சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு அவை ரொம்பப் பிடிக்கும். எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே இருப்பவர்கள் 2000 முதல் நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள். தலித் குடும்பங்கள் ஏராளம். நடந்து போகிற தூரத்தில் இருந்த வேலை போயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போயிற்று. ‘கண்ணகி நகரா?’ என்று முகவரியைப் பார்த்தே வேலை தர மறுக்கிறவர்கள் இன்றும் உண்டு. குடிநீர் மெஷின் இதற்கு என்ன செய்யும்? நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால்தான் ஏதாவது நகரும்.

சேர்ந்து போய்க் கேட்பதற்குக் காசு வேண்டும். கூட்டம் போட ஓர் அறை, அதற்கு வாடகை. மனுக்களுக்கு ஜெராக்ஸ். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவிதான். ஆனால் கூட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆகிவிட்டால் ஷேர் ஆட்டோதான். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுநேரமும் இதையே பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம். பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. கணவனைப் பறிகொடுத்த பெண் தனியாக அலுவலகம் அலுவலகமாக ஏறி அதை வாங்கிவிட முடியுமா? கூடப் போக ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளும் சாப்பிட வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடம் இதைக் கேட்டோம். ‘எத்தனை பயனாளிகள்?’ என்றார்கள். அப்புறம், ‘சங்கம் என்றால் அரசியல் ஆகிவிடும்’ என்றார்கள். கட்சிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் ஆகாது, சரி. நாங்கள் கட்சி இல்லை. சிஎஸ்ஆர் பணிகள் எவை என்று சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியவர்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணி என்று தெளிவாகவே இருக்கிறது. வெளியே கொடுப்பதென்றால் பதிவு பெற்ற டிரஸ்ட், சொசைட்டி போன்ற அமைப்புகள் வழியாகத்தான் கொடுக்க முடியும் என்பது எனக்கும் தெரியும். சரி, எங்களோடு வேலை செய்கிற அப்படிப்பட்ட சிறு அமைப்புகள் வழியாகக் கொடுங்கள். வெளிநாட்டு நிதியைப் பெரிய அமைப்புகள் அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை 2020 சட்டத் திருத்தம் நிறுத்திவிட்டது. உள்ளூர்ப் பணத்தை விட்டால் அவர்களுக்கு வேறு வழி குறைவு.

சேர்ந்து நின்று கேட்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய பத்திரிகையின் விலை ஒரு பைசா. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். வீட்டுவேலை செய்பவர்களுக்கு 2007இல் நல வாரியம் வந்ததற்குப் பின்னால் பல ஆண்டு சங்கப் போராட்டம் இருக்கிறது. ஏழைகள் தங்கள் பங்கை எப்போதும் போட்டே வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மான்ட்காமரியில் 1955இல் கறுப்பின மக்கள் நிறவெறிப் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் தோழிகளோடு சமைத்து விற்ற காசு மாற்று வண்டிகள் ஓட உதவியது. அதே நாட்டில் 1962இல் சில அறக்கட்டளைகள் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்கிற இயக்கங்களுக்கே நிதி கொடுத்தன. அன்று அதுவும் சண்டைக்குரிய வேலைதான். கொடுத்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுங்கள். தொடர் திட்டமாக எழுதினால் சிஎஸ்ஆர் விதியே அதற்கு இடம் தருகிறது. சம்பளத்தையும் வாடகையையும் ‘இதரச் செலவு’ என்று வெட்டாதீர்கள், எங்களுக்கு அதுதான் வேலையே.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் கூட்டம். பேனரும் கேமராவும் இல்லாமல் வந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். சந்தா நோட்டைக் காட்டுகிறோம். மாதம் இருபது ரூபாய், யார் எந்த மாதம் கொடுத்தார்கள், யாருக்கு முடியவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
கண்ணகி நகரிலிருந்து ஒரு சங்கப் பணியாளர்